எங்கள் தெருவில் ஒரு வேட்பாளர்

அந்த அழைப்பு வந்தபோது நான் மொன்றியல் துறைமுக வாசலில், கொண்டெய்னர் ஏற்றுவதற்காக ட்ரக் வரிசையில் காத்து நின்றேன். பேசியவன் ஒரு சின்னக் கட்சியின் ஆள். எப்போதோ ஓர் ஊர்வலத்தில் யாரோ நீட்டிய தாளில் என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தேனாம். பெடரல் தேர்தல் அறிவித்தாகிவிட்டது, உங்கள் தொகுதியில் எங்களுக்கு வேட்பாளர் இல்லை, நீங்கள் நிற்பீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விடிய நாலு மணிக்கு எழும்பி ட்ரக் ஓடுகிறவனைப் பிடித்து வைத்துப் பகிடி பண்ணுகிறானா? உனக்கு வேறு வேலை இல்லையா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அவன் திரும்பவும் எடுத்தான். நல்ல பொறுமைசாலி. நீங்கள் வெல்லப்போவது இல்லை, ஒன்றும் செய்யவும் தேவையில்லை, எல்லாத் தொகுதியிலும் கட்சிக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். இங்கே பிரெஞ்சுக்காரர் இப்படிப் பேருக்கு நிற்கிறவரைக் 'கம்பம்' என்று சொல்வார்கள். நட்டுவிட்டால் போதும், நின்றுகொண்டிருக்கும். நான் மறுபடி போனை வைக்கப்போனேன். அதற்குள் அவன் சொன்னான்: உங்கள் படத்தையும் பெயரையும் போட்டுத் தட்டி அடித்துத் தருவோம், தெருத்தெருவாக உங்கள் பெயர் தொங்கும்.

அங்கேதான் நான் விழுந்தேன்.

நானும் மனைவியும் மொன்றியலுக்குள், கோட்-டெ-நெய்ஜில் ஒரு மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ற்றில் பல காலம் இருந்தோம். மகள் கல்யாணம் கட்டிய பிறகு, எல்லாருமாகச் சேர்ந்து இருக்கலாம் என்று மொன்றியல் தீவுக்கு வெளியே, பாலம் கடந்து, புதிதாக வீடு கட்டி விற்கிற இடத்தில் பெரிய வீடாக வாங்கினோம். நாங்கள் வந்தபோது தெருவின் ஒரு பக்கம் இன்னும் சோளக்காணியாக இருந்தது. இப்போது சோளத்தைத் தேடினாலும் கிடைக்காது, அவ்வளவும் ஒரே அச்சில் வார்த்த சாம்பல் நிற வீடுகள். வந்து ஒரு வருடத்தில் மருமகனுக்குக் கல்கரியில் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த பனிக்காலம் மனைவி போய்ச் சேர்ந்தாள். நாலு அறை வீட்டில் நான் மிஞ்சினேன்.

இருட்டோடு கராஜ் கதவு திறக்கும், நான் வெளிக்கிடுவேன். இருட்டினபிறகு வருவேன், கதவு மூடும். பனி தள்ளவும் ஒரு கொம்பனிதான் வரும். மூன்று வருடமாக அந்தத் தெருவில் ஒரு குருவி என் பெயரைக் கேட்கவில்லை. நானும் ஒருவருடைய பெயரையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோட்-டெ-நெய்ஜில் கீழ் வீட்டுக்காரி சண்டை பிடிக்கவாவது வந்து கதவைத் தட்டுவாள். வேலையிடத்தில் என்னை ட்ரக் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மனைவியும் என் பெயரைச் சொன்னவள் அல்ல, 'இஞ்சாருங்கோ' என்பாள். ஆனால் அந்த 'இஞ்சாருங்கோ' நான்தானே. அவள் போனபிறகு அதுவும் இல்லை.

ஆகவே எனக்கு ஒட்டாவாவும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு மனுசர் என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நான் கனடாப் பாராளுமன்றத் தேர்தலில் நின்றேன்.

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்பா, உங்களுக்கு என்ன விசரே?" என்றாள்.

"ஓம், விசர்தான். ஒரு நல்ல படமாப் பாத்து அனுப்பு."

ஒரேயொரு கண்டம் இருந்தது. வேட்பாளராக நிற்பதற்கு நூறு பேரிடம் கையெழுத்து வாங்கித் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நூறு என்ன நூறு, ஆயிரம் வாங்குவேன் என்று கட்சிக்காரனுக்குச் சொன்னேன். எங்கள் ஆட்களைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

என்னோடு முந்தி ட்ரக் ஓடிய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறார். விசயத்தைச் சொன்னதும் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. "நீ பேசாமல் இரு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை டொலார்ட் முருகன் கோவிலில் நல்ல சனம். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நின்றபோது அண்ணை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தாள்களையும் பேனையையும் மேசையில் பரப்பிவிட்டுச் சத்தம் வைத்தார்: "எங்கட ஆள் ஒருத்தர் எலெக்சன் கேக்கிறார். எல்லாரும் ஒரு கையெழுத்து வைச்சிட்டுச் சாப்பிடப் போங்கோ!"

சனம் மேசையை மொய்த்துவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் கட்சி தம்பி?" என்று கேட்டார்.

"கட்சியை விடுங்கோ ஐயா. ஆள் எங்கட ஆள்" என்றார் அண்ணை.

"அப்ப சரி" என்று பெரியவர் கையெழுத்தை வைத்தார்.

ஓர் அம்மா கையெழுத்தை வைத்துவிட்டுத் தன் தங்கச்சிக்கு விசிற்றர் விசா இரண்டு முறை மறுக்கப்பட்ட கதையை என் காதுக்குள் சொன்னார். இன்னொருவர், "ஒட்டாவாவுக்குப் போன உடனை எங்களை மறந்திடாதேங்கோ" என்று என் தோளில் தட்டினார். அண்ணை காருக்கு ஓடிப்போய் ஒரு பொன்னாடையை எடுத்துவந்து எனக்குப் போர்த்தினார். அவருடைய காரில் உதிரிச் சில்லு மாதிரி அதுவும் ஒன்று எப்போதும் கிடக்கும். நான் சாப்பிட்டு முடிய முன்னமே நூறும் தாண்டிவிட்டது. அன்று பாலம் கடந்து வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது பொன்னாடையைக் கழற்ற மனம் வரவில்லை.

தேர்தல் அலுவலகம், முன்பு மெத்தை விற்ற கடை ஒன்றில் தற்காலிகமாக இருந்தது. வரவேற்பில் ஹெயிட்டிக்காரப் பெண் ஒருத்தி. தாள்களை வாங்கி விலாசங்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுக்கொண்டு போனாள். போகப்போகப் பென்சில் மெதுவாகியது.

"மிசியே, இவர்கள் டொலார்டில் இருக்கிறார்கள். இவர்கள் கோட்-டெ-நெய்ஜ். இவர் லாவால்."

"ஓம்" என்றேன் பெருமையாக. மொன்றியல் முழுக்க எனக்கு ஆள் இருக்கிறது என்று அவள் ஆச்சரியப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"கையெழுத்து வைக்கிறவர் உங்கள் தொகுதியில் குடியிருக்க வேண்டும்" என்றாள். முகத்தில் அடித்தாற்போல் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னாள். அவ்வளவு பேரிலும் தேறியது மூன்று பேர்.

காருக்குள் இருந்து அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் கொதித்துப் போனார். "இது என்ன விசர்க் கதை? அந்தச் சனமெல்லாம் கனடாச் சிற்றிசன் இல்லையோ? நீ கேட்டனியோ அவளை?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் மட்டும் என்ன பெரிய கெட்டிக்காரன்? தொகுதி என்றால் எல்லை இருக்கும் என்பது தெரியாத மடையனா நான்? ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப் போட்டவன்தானே. ஆனால் 'சனம்' என்றதும் எனக்கு நினைவில் வந்தது கோவில். எங்கள் ஆட்கள் கூடுகிற இடம்தான் எங்கள் தொகுதி என்று எங்கள் மண்டைக்குள் எப்போதோ கீறி வைத்திருக்கிறோம். நான் படுத்து எழும்புகிற தொகுதியில் எனக்கு ஒரு சனமும் இல்லை.

கட்சிக்காரனிடம் சொன்னபோது, பரவாயில்லை, கஷ்டமென்றால் விட்டுவிடுங்கள், வேறு தொகுதிகள் இருக்கின்றன என்றான். அந்தப் பரவாயில்லைதான் எனக்குச் சுட்டது. நான் நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான். "ஆர் விடப்போறது? பேசாமல் இரும்!" என்று தமிழிலேயே கத்தினேன். கையெழுத்துக் கொடுக்கிற கடைசி நாளுக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. வேலையில் லீவு சொன்னேன்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாட்கள் அவை. நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீடுகளின் மணியை அடிக்கத் தொடங்கினேன். எங்கள் பகுதியில் இப்போது எல்லா மணியிலும் கமரா. மணிக்குள்ளிருந்து குரல் வரும்: "பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்." பார்சல் இல்லை, நான் வேட்பாளர் என்று மணிக்குச் சொல்வேன். மணி யோசிக்கும். சில மணிகள் அதற்குப் பிறகு பேசவே பேசாது. என் பிரெஞ்சு துறைமுகத்தில் படித்தது, அதில் பாதி தூசணம். மற்றப் பாதியை வடித்தெடுத்துப் பேசுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

ஆனால் திறந்த கதவுகளும் இருந்தன. ஒரு பஞ்சாபித் தாத்தா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாசையும் இல்லை. அவர் சிற்றிசனும் இல்லை, கையெழுத்து வைக்க முடியாது. மகன் வரும்வரை இருவரும் ஆளையாள் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு இருந்தோம். மகன் வந்து வைத்தான், மருமகளும் வைத்தாள். கைக்குழந்தையோடு நின்ற ஓர் இளம் தாய், கார்டெரி, அதுதான் பிள்ளைக் காப்பக விசயத்தில் உங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டாள். ஐயோ, நான் அதையெல்லாம் வாசித்தவனா? "தெரியாது" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, உண்மை சொன்ன முதல் அரசியல்வாதி நீங்கள்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். வேறொருவன் உன்னுடைய ஊரில் போய்க் கேள் என்றான். "இதுதான் என்ர ஊர், அங்காலைத் தெரு" என்று கையைக் காட்டினேன். அவன் கதவை அடித்துச் சாத்தினான். நான் சாத்தின கதவுக்கு முன்னால் நின்று, துறைமுகத்துப் பிரெஞ்சின் வடிக்காத பாதியை முழுவதும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கையெழுத்து ஏறிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு தெருவை மட்டும் நான் விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போனேன். அது எங்கள் தெரு. வேறு தெருவில் ஒருத்தன் முகத்தைத் திருப்பினால் அது யாரோ. இங்கே திருப்பினால் நான் பிறகும் இங்கேதான் இருக்க வேண்டும். பயமாக இருந்தது. கடைசியில் வேறு வழி இல்லை, மற்றத் தெருக்கள் முடிந்துவிட்டன, கையெழுத்து இன்னும் முடியவில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க கியூபெக்காரப் பெண் திறந்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். கவனமாகக் கேட்டாள்.

"இந்தப் பகுதியிலா இருக்கிறீர்கள்?"

"பக்கத்து வீடு" என்று காட்டினேன்.

அவள் வாசலுக்கு வெளியே எட்டி என் வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அதில் ஆள் இருக்கிறதா? நாங்கள் வெறும் வீடு என்றல்லவா நினைத்தோம்!" உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள். "இங்கே வா, பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார்!"

கணவன் வந்தான். விற்காமல் கிடக்கிற வீடு என்றுதான் நாங்கள் இங்கே வந்த இரண்டு வருடமாக நினைத்தோம், திரைச்சீலை ஒருநாளும் அசைந்ததில்லையே என்றான். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கெட்ட சனம் இல்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். என் பெயரை எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். சொன்னேன். முயன்று பார்த்து இடையில் தடக்கி நின்றாள். "கம்பத்தில் போடுவார்கள், பாத்துப் பழகலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து எல்லா அறையிலும் லைற்றைப் போட்டேன். மகளின் அறை, பேரப்பிள்ளைக்கு என்று வைத்த அறை, மனைவியின் உடுப்புகள் இன்னும் தொங்குகிற அறை, கராஜ், நிலவறை, ஒன்று விடவில்லை. திரைச்சீலைகளையும் இழுத்துத் திறந்து விட்டேன். பிறகு மாடிப்படியில் குந்தியிருந்து அழுதேன். மூன்று வருடம் நான் சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, இருமி, படுத்து எழும்பின வீடு பக்கத்தில் இருக்கிறவனுக்கு வெறும் வீடு.

அடுத்த நாள் மிச்சக் கதவுகளையும் தட்டி நூறைத் தாண்டினேன். தேர்தல் அலுவலகத்துப் பெண் பென்சிலை ஓடவிட்டு, இம்முறை எங்கும் நிறுத்தாமல் போய், எழுந்து என் கையைக் குலுக்கினாள்.

தட்டிகள் வந்தன. மகள் அனுப்பிய படத்தில் நான் யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டில் நின்று சிரிக்கிறேன். அண்ணை ஏணி பிடிக்க வந்தார். என் வீட்டுக்கு நேரே எதிரே இருந்த லைற்றுக் கம்பத்தில் முதல் தட்டியைக் கட்டினோம். அண்ணை தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, ஒரு சனத்தையும் காணேல்லை. ஆருக்கு இதைக் கட்டுறாய்?" என்றார். பெரிய கட்சிகளின் தட்டிகள் மேலே இருந்தன. நாங்கள் அவற்றுக்குக் கீழே, ஒரு மனிதன் நின்று பார்த்தால் முகத்துக்கு நேரே வருகிற மாதிரிக் கட்டினோம்.

இரண்டு பெரிய கட்சிகளுக்கும் எங்கள் தொகுதியில் கடும் போட்டி. புதுச் சனம் வந்து நிறைந்த தொகுதி, யார் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனபடியால் நாள்தோறும் அவர்களுடைய ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கதவு தட்டினார்கள். ஒருவன் என் வீட்டுக்கும் வந்து, எதிரே என் முகம் தொங்கிக்கொண்டிருக்க, என்னிடமே ஓட்டுக் கேட்டான். "பாப்பம்" என்று சொல்லி அனுப்பினேன்.

தேர்தலன்று எனக்கு ஓயாமல் போன். கோவிலில் விசாக் கதை சொன்ன அம்மா சரியான கோபத்தில் இருந்தார். "தம்பி, டொலார்டிலை வரிசையிலை நிண்டு உள்ளை போனால் உங்கட பேரைக் காணேல்லை! என்ன, பயந்து விலத்திட்டீங்களோ?" வேறு பலரும் அப்படித்தான் தேடியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தி என் தொண்டை வற்றியது. எனக்குப் போட இருந்த ஓட்டெல்லாம் பாலத்துக்கு அங்கால் கிடந்தது. நான் தோற்றேன் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா? தொலைக்காட்சியில் கடைசி வரியில் என் பெயர் ஓடியது, பாதி வெட்டுப்பட்டு.

தட்டிகளைக் கழற்றினேன். வேலைக்குத் திரும்பினேன். லைற்றுகளை மட்டும் வேலையால் வந்ததும் போட்டுவிடுவேன், திரைச்சீலையையும் திறந்தே வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி காரில் ஏறும்போது கண்டால் கை காட்டுவாள். நானும் காட்டுவேன். கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே சனி ஞாயிறுகளில் முற்றத்தில் தேவையில்லாத வேலைகளைச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. அந்த வீட்டு மணி எப்படிச் சத்தம் போடும் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். அவள்தான்.

"பொன்ஜூர், மிசியே" என்றவள், என் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர். ஓர் எழுத்துப் பிசகவில்லை. தேர்தல் முடியும்வரை ஒவ்வொரு நாளும் காரை எடுக்கும்போது கம்பத்தைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாளாம். உள்ளே வாருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம் என்றேன். இன்னொரு நாளைக்கு வருகிறேன், பின்முற்றத்தில் அளக்கிறவன் காத்துக்கொண்டு நிற்கிறான் என்றாள்.

"என்ன அளக்கிறது?"

"வேலி. உங்களிடம் ஒரு சொல்லுக் கேட்கத்தான் வந்தேன். மரத்தில், கொஞ்சம் உயரமாக. எங்கள் முற்றத்து நீச்சல் குளத்தில் நாங்கள் நீந்துவோம், வெயில் காய்வோம். இவ்வளவு நாளும் பக்கத்தில் ஆள் இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டோம். இப்போதுதான் நீங்கள் இருக்கிறது தெரியுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மனத்தில் ஒரு கள்ளமும் இல்லை. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டு, திரும்பவும் என் பெயரை அவ்வளவு வடிவாகச் சொன்னாள்.

"ஓம்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பிரெஞ்சில் சொன்னேன். "மெர்சி" என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

குசினி யன்னலால் பார்த்தேன். அளக்கிறவன் இரண்டு முற்றங்களுக்கும் நடுவே நூல் கட்டி, சின்னச் சின்ன முளைகளை அடித்துக்கொண்டு வந்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவள் வாயால் என் பெயர் வந்த சந்தோசம் அன்று முழுக்க என்னோடு இருந்தது. அந்தச் சந்தோசத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.